ஆரி: கேலிக் இடப்பெயர்களில் வாழும் மேய்ச்சல் சொல்

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவு வரைபடத்தில், வீடு என்று ஒன்றுகூட இல்லாத சதுப்புக் கரம்பின் நடுவே 'ஆரி' என்று தொடங்கும் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. கோடையில் கடலோர ஊர்களின் பயிரைக் காக்க மாடுகளை உள்நிலத்துக்கு ஓட்டிச் சென்று, பெரும்பாலும் பெண்களும் இளையோரும் அங்கேயே தங்கி, பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்த குடில்களையும் அவற்றைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்தே ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் இச்சொல் குறிக்கும். குடில்கள் இடிந்து போனாலும், ஆண்டாண்டாகச் சேர்ந்த சாணத்தின் வளத்தால் அந்த இடம் மட்டும் பழுப்பு நிறக் கரம்பில் பச்சைத் திட்டாகத் தனித்துத் தெரியும்.

பழைய ஐரிஷ் மொழியில் பால் கறக்கும் இடத்தையும் மாட்டு மந்தையையும் குறித்த 'ஆர்கெ' என்பதே இதன் மூலம். வட ஐரோப்பாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் அதை 'எர்கி' என்று கடன் வாங்கினார்கள். அவர்களுக்கு இதே பொருளில் 'சேட்டர்' என்ற சொந்தச் சொல் இருந்தும் வாங்கினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளின் ஆட்சியாளர்களைப் பற்றிய ஐஸ்லாந்துப் பழங்கதையே இவ்விரு சொற்களையும் இணைத்து விளக்குகிறது. வட இங்கிலாந்தின் சைசர் என்னும் ஊர்ப்பெயர், சிக்ரித் என்ற பெண்ணின் எர்கி என்பதன் திரிபு.

1850ஐ ஒட்டி லூயிஸை அளந்த, ஆர்டினன்ஸ் சர்வே என்னும் பிரிட்டிஷ் அரசு வரைபட நிறுவனத்தின் நில அளவையாளர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எழுத்து வடிவங்கள், அதை உறுதிசெய்தவர், இடத்தின் விவரம் ஆகியவற்றைப் பெயர்ப் புத்தகங்களில் பதிந்தார்கள். அந்த விவரக் குறிப்பே உயிர்நாடி என்பேன். 'சரிவின் ஆரி' என்று பொருள்படும் ஊர்ப்பெயரை ஆங்கில ஒலிப்படி ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதிவிட்டால், மேய்ச்சலும் சரிவும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. 'ஒற்றை இரவின் ஆரி' என்று வழங்கும் இடங்களிலோ, ஓரிரவு தங்கியவர்கள் ஏன் மறுநாளே வெளியேறினார்கள் என்று ஊரார் சொல்லும் கதையையும் சேர்த்துப் பதிந்தால்தான் பெயர் முழுமை பெறும்.

'ஆரி'யைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கிடை' நெருங்கி வந்தாலும், அது வயலுக்கு எருவிட மந்தையை மடக்கும் வழக்கத்தையே முதலில் நினைவூட்டுகிறது. 'பட்டி' தொழுவமாகவும் நிலையான ஊராகவும் பொருள் தருகிறது. முல்லை நிலத்து ஆயர் ஊருக்கும், படை தற்காலிகமாகத் தங்கும் இடத்துக்கும் 'பாடி' என்றே பெயர் இருப்பதால், மேய்ச்சல், தங்கல் இரண்டும் அதில் அடங்குகின்றன. ஆகவே பொருள் விளக்கத்தில் 'கோடைப்பாடி' என்று எழுதலாம். இடப்பெயருக்குள் வரும்போது 'ஆரி' என்பதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட வேண்டும்.