5432-ஆம் போர்ட்டில் முதல் எட்டு பைட்

இணையதளங்களில் திறந்த பேச்சுக்கு 80, மறையாக்கப் பேச்சுக்கு 443 என்று இரண்டு போர்ட், அதாவது எண்ணிட்ட வாசல்கள், உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு இரண்டுக்கும் சேர்த்து 5432 ஒன்றுதான். வந்திருப்பவருக்கு எது வேண்டும் என்று சர்வருக்கு எப்படித் தெரியும்?

மறையாக்கம் வேண்டுமென்றால் கிளையன்ட், அதாவது இணைய வரும் நிரல், முதலில் எட்டு பைட் அனுப்பும். முதல் நான்கில் செய்தியின் நீளம், அதாவது 8. அடுத்த நான்கில் 80877103. ஏதோ தோன்றியதை எழுதியது போலிருக்கும் இந்த எண்ணை இரண்டிரண்டு பைட்டாகப் பிளந்தால் 1234, 5679 என்று வரும். புரோட்டோகால் பதிப்பு எண் எதனோடும் மோதக்கூடாதென்று பொறுக்கியது. சர்வர் ஒற்றை எழுத்தில் பதில் தரும். 'எஸ்' என்றால் டிஎல்எஸ் என்னும் மறையாக்கம் தொடங்கலாம், 'என்' என்றால் கிடையாது. யூசர் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

சிக்கல் இந்த ஒற்றை எழுத்தில்தான். அது மறையாக்கம் இல்லாமல் வருகிறது. நடுவில் புகுந்த ஒருவன் 'எஸ்'ஸை 'என்' ஆக்கிவிட்டால், மேற்கொண்டு நடப்பது கிளையன்டின் எஸ்எஸ்எல்மோட் என்ற அமைப்பின் கையில். நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் அது 'பிரிஃபர்': கிடைத்தால் மறையாக்கம், கிடைக்காவிட்டால் பரவாயில்லை. பேச்சு திறந்தபடியே ஓடும். பாஸ்வேர்டை அப்படியே அனுப்பு என்று அவன் கேட்டால், வழக்கமான கிளையன்ட் அதையும் கொடுத்துவிடும்.

மறையாக்கம் இல்லாமல் பேசாத 'ரிக்வயர்' இதற்கு மசியாது. ஆனால் யார் கையெழுத்தை நம்பலாம் என்று சொல்லும் ரூட் சான்றிதழ் கோப்பு எதுவும் வைக்காதவரை, எதிரில் இருப்பது யாரென்று அது விசாரிப்பதில்லை. திருடனோடும் மறையாக்கம் செய்து பேசும். சான்றிதழில் கையெழுத்திட்டது யார், ஹோஸ்ட் பெயர் பொருந்துகிறதா என இரண்டையும் பார்ப்பது 'வெரிஃபை-ஃபுல்' மட்டுமே. இதைப் போடாத இணைப்பைப் பாதுகாப்பானது என்று நான் சொல்ல மாட்டேன்.

சர்வர் பக்கம் 'எஸ்எஸ்எல் = ஆன்' என்றால் வசதி இருக்கிறது என்று மட்டுமே பொருள், கட்டாயம் என்றல்ல. கட்டாயமாக்க, யாரை உள்ளே விடலாம் என்ற விதிகள் உள்ள பிஜி_எச்பிஏ கோப்பில் 'ஹோஸ்ட்எஸ்எஸ்எல்' என்று எழுத வேண்டும். வெறும் 'ஹோஸ்ட்' இரண்டு வகையையும் உள்ளே விடும். மேலிருந்து கீழே படிக்கும்போது முதலில் பொருந்தும் வரியே செல்லும் என்பதால், மேலே மறந்துபோன ஒரு பழைய 'ஹோஸ்ட்' வரி கீழே உள்ள கட்டுப்பாட்டைச் செல்லாக்காசாக்கிவிடும். இப்போதைய இணைப்புகளில் எவை மறையாக்கத்தோடு ஓடுகின்றன என்பதை பிஜி_ஸ்டாட்_எஸ்எஸ்எல் என்ற பட்டியல் காட்டும். போர்ட் எண்ணை 5433 என்று மாற்றி ஒளித்துவைப்பதில் பெரிய பலனில்லை. ஸ்கேனர்கள் எல்லாக் கதவையும் தட்டிப் பார்ப்பவை.

2024-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17-ஆம் பதிப்பில், எட்டு பைட்டைத் தாண்டி நேராக டிஎல்எஸ்ஸில் இறங்கும் வழி வந்திருக்கிறது. இரு முனையும் புதிய பதிப்பாக இருக்க வேண்டும், எஸ்எஸ்எல்மோட் 'ரிக்வயர்' அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சான்றிதழைச் சரிபார்க்கும் வேலை அப்போதும் வெரிஃபை-ஃபுல்லுடையதுதான்.