'கெட் அவே வித்' என்று எழுதுமுன் ஒரு நிமிடம்

சென்ற வாரம் திருகோணமலை நகரில் காசாளராக வேலை பார்க்கும் ஓர் இளைஞர், முகாமையாளர் கேட்ட விளக்கத்துக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதி அனுப்பிவிட்டு, அதன் பிரதியைப் பிழை பார்க்கும்படி என்னிடம் கொண்டுவந்தார். அனுப்பிய பின்னர் பிழை பார்க்கக் கொண்டுவருவது நம்மவர் வழக்கம் ஆகையால் அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் பணப்பையுடன் வங்கிக்குப் புறப்பட்டேன் என்பதே அவர் சொல்ல நினைத்தது. கடிதத்தில் இருந்ததோ, 'ஐ கொட் அவே வித் த காஷ் அட் த்ரீ பீ.எம்.' என்ற வாக்கியம். ஆங்கிலம் அறிந்த எவரும் இதை, 'மூன்று மணிக்குப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு தப்பிவிட்டேன்' என்றே வாசிப்பார். கேட்கப்பட்டது விளக்கம், கொடுக்கப்பட்டது குற்ற ஒப்புதல்.

ஆங்கிலம் கற்பிப்பதோடு பிறருடைய கடிதங்களைத் திருத்திக் கொடுப்பதும் என் தொழில் என்பதால் இந்தச் சொற்றொடர் எனக்குப் பழைய பகை. ஆனால், ஒருவரது வேலைக்கே உலை வைக்கும் அளவுக்கு அது வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

'கெட் அவே' என்றால் 'தப்பித்தல்' என்று ஒரே வரியில் அச்சிட்டுக் கொடுக்கும் வகுப்புக் குறிப்புகள் பாதிப் பழியை ஏற்க வேண்டும். மீதிப் பழி, சொற்களைக் கணக்குப்போல் கூட்டிப் பார்க்கும் நம் பழக்கத்தைச் சேர்ந்தது. 'கெட்' என்றால் பெறு, 'அவே' என்றால் அப்பால், 'வித்' என்றால் உடன்; ஆகவே மூன்றையும் சேர்த்தால் 'உடன் எடுத்துக்கொண்டு அப்பால் போதல்' என்று அந்த இளைஞர் எனக்கே பாடம் நடத்தினார். அவரிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான்: தமிழில் 'விட்டுக்கொடுத்தான்' என்கிறோமே, அவன் எதை விட்டான், எதைக் கொடுத்தான்? 'காட்டிக்கொடுத்தான்' என்பதில் உள்ள துரோகம் 'காட்டு' என்ற சொல்லில் இருக்கிறதா, 'கொடு' என்ற சொல்லில் இருக்கிறதா? இரண்டிலும் இல்லை, சேர்ந்த பிறகே அது பிறக்கிறது. தாய்மொழியில் இதை ஐந்து வயதிலேயே உணர்ந்துகொள்ளும் நாம், ஆங்கிலத்துக்குப் போனதும் சொல்லைச் சொல்லால் கூட்டத் தொடங்கிவிடுகிறோம். 'அவே', 'வித்' போன்ற சிறு சொற்கள் வினைக்கு வைத்த பொட்டு அல்ல. அவற்றுள் ஒன்று மாறினாலும் பொருள் வேறு திசைக்குப் போய்விடும்.

'வித்' சேராத வெறும் 'கெட் அவே' பெரும்பாலும் தீங்கற்றது. திருடன் தப்பினாலும், வலையிலிருந்து மீன் நழுவினாலும், அலுவலகத்தை விட்டு ஐந்து மணிக்கு முன் கிளம்ப முடியாமற்போனாலும் ஆங்கிலேயர் இதையே சொல்வர். கைக்கு வந்து நழுவிய மீனை 'த வன் தட் கொட் அவே' என்பார்கள். நம் கடற்கரையில் வலை இழுப்பவர்களைக் கேட்டால், தப்பிய மீனே எப்போதும் பெரிய மீன் என்பது ஆங்கிலேயருக்கு மட்டும் உரிய அனுபவம் அன்று எனத் தெரியவரும்.

'வித்' சேர்ந்ததும் கதை மாறுகிறது. அதன் பின்னால் பணமோ நகையோ வந்தால், அதைத் திருடிக்கொண்டு ஓடினான் என்று பொருள். பொய்யோ ஏமாற்றோ வந்தால், அதைச் செய்தும் தண்டனை பெறாமல் தப்பினான் என்று பொருள். தமிழில் 'தப்பு' என்பது குற்றத்தையும் குறிக்கும், தப்புவதையும் குறிக்கும். தப்புச் செய்துவிட்டுத் தப்பிக்கொண்டான் என்று நாம் சொல்வதை ஆங்கிலம் இந்த மூன்று சொற்களில் அடக்கிவிடுகிறது. சிறு அபராதமோ எச்சரிக்கையோ வந்தால், அவ்வளவோடு பிழைத்தான் என்று பொருள். இவற்றோடு சேராத இன்னொன்றும் உண்டு: முழுச் சீருடை இல்லாமல் வெள்ளைச் சட்டையோடு ஒப்பேற்றிவிடலாம் என்னும்போதும் இதே தொடர்தான் வரும். அங்கே குற்றம் இல்லை, ஆனால் குறை ஒன்று இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும், நேர்மையாகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல இந்தத் தொடர் உதவாது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல். சில நாள் ஓய்வுக்காக 'கெட் அவே' ஆக விரும்புகிறோம் என்று விருந்தினர் எழுதினால், அவர்கள் எதற்கோ பயந்து ஓடி வருகிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அன்றாட அலுப்பிலிருந்து விலகி இருக்க விரும்புகிறார்கள், அவ்வளவுதான். அதையே பெயர்ச்சொல்லாக்கி ஒரே சொல்லாக எழுதினால் சிறு விடுமுறையையோ அதற்குரிய இடத்தையோ குறிக்கும். வினையில் அழுத்தம் 'அவே'யில் விழும், பெயரில் 'கெட்'டில் விழும். பெயர்ப்பலகைகளில் உள்ள அந்தச் சொல்லை நம் பையன்கள் 'கெட்டவே' என்று வாசித்துச் சிரிப்பதை நான் திருத்துவதில்லை. உச்சரிப்பில் அழுத்தமாவது சரியான இடத்தில் விழுகிறது.

பிரட்ரிக் கோட்டைக்குள் மான்களை மிக நெருங்கிய வெளிநாட்டினரைப் பார்த்து, வழிகாட்டி ஒருவர் 'கெட் அவே, கெட் அவே' என்று கூவியதை ஒருமுறை கேட்டேன். 'சற்றுத் தள்ளி நில்லுங்கள்' என்பது அவர் எண்ணம்; அவர்கள் காதில் விழுந்தது 'போ அப்பால்' என்ற விரட்டல். 'பிளீஸ் ஸ்டே பாக்' என்றிருந்தால் மானும் பிழைத்திருக்கும், மரியாதையும் பிழைத்திருக்கும். ஒருவர் நம்ப முடியாத செய்தி சொல்லும்போது பிரித்தானியர் 'கெட் அவே' என்று வியப்பதும் உண்டு, ஆனால் அது உங்களுக்குத் தேவைப்படப்போவதில்லை.

ஆகவே, தயவுசெய்து கேளுங்கள். பணம், பொருள், பொறுப்பு ஆகியவற்றைப் பற்றி எழுதும் எந்தக் கடிதத்திலும் இத்தகைய கூட்டு வினைகளைத் தொடாதீர்கள். 'லெஃப்ட்', 'டுக்', 'டிபொசிட்டட்' போன்ற ஒற்றைச் சொற்கள் அழகில்லாதவை என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். கூட்டு வினையைப் படிப்பதென்றால் தமிழ்ப் பொருளோடு நிறுத்தாமல், அகராதியில் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள். 'வித்', 'ஃப்ரம்' ஆகியவற்றுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். உயர்தரப் பரீட்சையின் பொது ஆங்கிலப் பாடத்துக்குத் தயாராகும் பிள்ளைகள் நூறு வினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, பத்து வினைகளுக்குப் பத்து நல்ல வாக்கியங்களைப் படித்தால் நான் மகிழ்வேன். கடிதத்தை அனுப்புமுன் ஒருவரிடம் காட்டுங்கள். அனுப்பிய பின் அன்று.

காசாளருக்கு இரண்டாவது கடிதம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன்: 'ஐ லெஃப்ட் த ஷொப் அட் த்ரீ பீ.எம். டு டிபொசிட் த காஷ்.' வங்கி வைப்புச் சீட்டின் பிரதியையும் கட்டாயம் அதனுடன் இணைக்கச் சொல்லியிருக்கிறேன்.