காலையில் 17, சாயங்காலம் 19: நெல் ஈரப்பதத்தில் என்ன நடக்கிறது?

போன குறுவையில் ஒருவர் போன் செய்தார். டெல்டாக்காரர். நெல் அறுத்து ஒன்பது நாளாகிவிட்டது, அம்பாரம் கொள்முதல் நிலைய வாசலிலேயே கிடக்கிறது. இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுத்தபின் காலையில் ஈரப்பதம் 17 சதவீதம் காட்டியிருக்கிறது. அதுதான் வரம்பு, அதற்கு மேல் இருந்தால் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். இவர் முறை வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுபடி பார்த்தால் 19. "மீட்டரில் ஏதோ பண்றாங்க சார்" என்றார். அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து நேரில் போனேன். தார்ப்பாயைத் தூக்கியதும் புளித்த வாடையோடு சூடான ஆவி முகத்தில் அடித்தது. ஓரத்து நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை. அவர் ஒன்றும் பேசவில்லை, ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினார், அவ்வளவுதான்.

முப்பது வருஷத்துக்கு மேல் நெல் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். இந்தக் காட்சியை எத்தனை அக்டோபரில் பார்த்துவிட்டேன்! இந்த முறை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த 17-ஐயும் 19-ஐயும் பார்ப்போம். வெயிலில் கொட்டிய நெல் வெளியிலிருந்துதான் காயும். உமியும் அரிசியின் மேற்பகுதியும் சீக்கிரம் காய்ந்துவிடும், நடு அரிசியில் ஈரம் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் மீட்டரில் போட்டால் குறைவாகக் காட்டும். அதையே குவித்து நாலைந்து மணி நேரம் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளியே வரும். அப்போது எடுத்துப் பார்த்தால் அளவு ஏறித்தான் இருக்கும். காலையில் பார்த்தது மேல்தோலின் ஈரம், மாலையில் பார்த்ததுதான் நெல்லின் ஈரம். இதை எத்தனை களத்தில் நின்று சொல்லியிருக்கிறேன், ஒருவரும் நம்பியதில்லை. பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து "டக்குன்னு உடையுது, காஞ்சிருச்சு" என்பார்கள். கடித்துப் பார்ப்பது அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் 17-க்கும் 19-க்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பல்லுக்கும் தெரியாது. மழைக்கால ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் காய்ந்த நெல்கூட ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயிலிலிருந்து சுடச்சுட அள்ளிப் போட்டாலும் அளவு தப்பாக வரும், அதை ஆறவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அதற்காக நிலையங்களில் தப்பே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறவர்களை எனக்கும் தெரியும். ஈரத்தைச் சாக்கு வைத்துத்தான் அந்தப் பேரமே தொடங்கும். அதனால்தான் விவசாயிக்கு இந்த அளவு புரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

சரி, இந்த 17 எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு பருவத்துக்கும் மத்திய உணவு அமைச்சகம் நாடு முழுமைக்கும் ஒரே தர விதிமுறையை வெளியிடுகிறது. இதற்கு மேல் போகக் கூடாது என்ற வரம்புகள்தான் அதில் இருக்கும். கல், மண் 1 சதவீதம். பதர், வைக்கோல் தூசி 1 சதவீதம். சேதமடைந்தது, நிறம் மாறியது, முளைத்தது, பூச்சி அரித்தது எல்லாம் சேர்த்து 5. முற்றாத, சுருங்கிய மணி 3. தாழ்ந்த ரகக் கலப்பு 6. ஈரப்பதம் 17. பஞ்சாபுக்கும் இதுதான், அக்டோபர் மழையில் குறுவை அறுக்கிற தஞ்சாவூருக்கும் இதுதான். மத்திய அரசுக்காகத் தானியம் வாங்கிச் சேமிக்கும் இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் 1965 ஜனவரியில் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. அந்த ஊர் மழையைத் தெரியாமல் போட்ட விதி என்று சொல்லிவிட முடியாது.

நெல்லைப் பத்திரமாக வைக்க 14 சதவீதம் வேண்டும். 17 என்பதே விட்டுக்கொடுத்த எண்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 சதவீத ஈரத்தில் 40 கிலோ மூட்டை 1,000 வாங்கினால் எடை 40 டன். அது 17-க்குக் காயும்போது ஏறத்தாழ 2,400 கிலோ குறையும். 60 மூட்டை காணாமல் போகும், யாரும் திருடியிருக்க மாட்டார்கள். அந்தக் குறைவுக்கு யார் பதில் சொல்வது? மத்தியத் தொகுப்புக்கு, அதாவது மத்திய அரசின் தானிய இருப்புக்கு வாங்கும் நெல்லில், வரம்பை உயர்த்தும் தளர்வு ஆணை இல்லாமல் விதியை மீறினால் பொறுப்பு மாநிலத்தின் மேல் விழும். மாநிலம் அதைக் கீழே தள்ளும். கடைசியில் அது நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் பட்டியல் எழுத்தர் தலையில்தான் வந்து நிற்கும். அவர் 17.5-க்குக் கூடத் தலையாட்ட மாட்டேன் என்பதன் காரணம் இது.

இங்கேதான் அரசியல் நுழைகிறது. மழை வரும், நெல் நனையும், மாநிலம் கடிதம் எழுதும், டெல்லியிலிருந்து குழு வரும், மாதிரி எடுக்கும், ஆய்வகத்துக்குப் போகும். 2022 அக்டோபரில் 19 வரை தளர்வு கிடைத்தது. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழைக்குப் பிறகு 20 வரை கொடுத்தார்கள். 2025-இல் 22 கேட்டார்கள், குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின, தளர்வு கிடைக்கவில்லை. கொடுத்தால் ஒரு கட்சி பாராட்டும், மறுத்தால் இன்னொரு கட்சி அறிக்கை விடும். ஆணைக்குக் காத்திருக்கும் நாட்களில் நெல் முளைத்துவிடும். முளைத்த பிறகு ஈரப்பதத் தளர்வால் என்ன பயன்? அதற்கு அந்த 5 சதவீத வரம்பு தனியாக நிற்கிறதே.

கையால் அறுத்த காலத்தில் அரி, அதாவது அறுத்த கதிர்த்தாள், வயலிலேயே காயும், கட்டிக் களத்துக்கு வந்து நெற்போரில் ஏறும், அப்புறம்தான் அடிப்பார்கள். இப்போது இயந்திரம் 20, 25 சதவீத ஈரத்தில் அறுத்து நேராக டிராக்டரில் கொட்டுகிறது. அறுவடை மாறிவிட்டது, காயவைக்கும் இடம் மட்டும் மாறவே இல்லை. எந்த எண்ணுக்காகச் சண்டை போட்டாலும் தண்ணீர் நெல்லுக்குள்ளேயேதான் இருக்கும். கூரை போட்ட களமும், உலர்த்தும் இயந்திரமும், வாங்கிய மூட்டை அன்றன்றைக்கே கிடங்குக்குப் போக லாரியும் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் "ஈரத்துல எத்தனை பாயின்ட் தளர்வு வாங்கித் தருவீங்க" என்று கேட்காதீர்கள். "எங்க ஊர்ல எத்தனை டிரையர் வைப்பீங்க" என்று கேளுங்கள்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது. இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் பரப்பாதீர்கள், அரை மணிக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். தார் ரோட்டில் போடாதீர்கள். மணி வெடித்து அரவையில் நொய்யாகிவிடும், வண்டியில் அடிபடும் ஆபத்து வேறு. நேற்று அறுத்ததையும் இன்று அறுத்ததையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள், ஈர நெல் மொத்தத்தையும் கெடுத்துவிடும். மாதிரி எடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மேலே ஒரு கை அள்ளினால் போதாது. மேல், நடு, அடி என்று நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, உங்கள் கண் முன்னால் மீட்டரில் போடச் சொல்லுங்கள். அளவைத் தேதியோடு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நிலையத்தில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சீசன் தொடங்குமுன் மீட்டரைச் சரிபார்த்து வாங்குங்கள். ஒரு தடவை பார்த்துத் திருப்பி அனுப்பாதீர்கள், மூன்று தடவை பார்த்துச் சராசரி சொல்லுங்கள். எண்ணைக் காட்டிப் பேசுங்கள், ஒன்பது நாள் காத்துக் கிடந்தவரிடம் குரலை உயர்த்தாதீர்கள்.

மழை நாளில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள் ஐயா. தினம் இரண்டு வேளை முழங்கை வரை அம்பாரத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடு தெரிந்தால், நடு ராத்திரியானாலும் சரி, அப்போதே கலைத்துக் கொட்டிவிடுங்கள்.