போன ஊசிக்குத் துவண்டு போன பிள்ளைக்கு அடுத்த ஊசி போடலாமா?

தமிழ்நாட்டில் புதன்கிழமை ஊசி நாள். அதனால் வியாழக்கிழமை காலை என் ஓ.பி.யில் ஊசிக் காய்ச்சல் கூட்டம். தொடை வீங்கிய பிள்ளைகள், ராத்திரி முழுக்க அழுது ஓய்ந்த பிள்ளைகள், அவர்களைவிட ஓய்ந்துபோன அம்மாக்கள். பெரும்பாலோருக்கு ஒரே பதில்தான்: காய்ச்சல் மருந்து கொடுங்கள், தாய்ப்பால் கொடுங்கள், நாளைக்குச் சரியாகிவிடும்.

வியாழக்கிழமை வராமல் ஒரு மாதம் கழித்து வருகிறவர்கள் உண்டு. காய்ச்சலெல்லாம் எப்போதோ விட்டிருக்கும், பிள்ளை மடியில் சிரித்துக்கொண்டிருக்கும். அடுத்த ஊசிக்குத் தேதி வந்துவிட்டது, போடலாமா வேண்டாமா என்பதுதான் அவர்கள் கேள்வி.

சென்ற வருடம் அப்படி ஒரு குடும்பம் வந்தது. அம்மா, அப்பா, அப்பத்தா, பத்து வாரக் கைக்குழந்தை. தாய் சேய் அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார்கள். அட்டையில் ஆறாவது வாரக் கட்டத்தில் பெண்டாவேலண்ட் போட்ட தேதியும் செவிலியரின் கையெழுத்தும் இருந்தன. அன்று மத்தியானம் என்ன நடந்தது என்பதற்கு அட்டையில் ஒரு வரிகூட இல்லை. கூடவே ஒரு தனியார் மருத்துவமனைச் சீட்டு. அதில் 'ஃபிட்ஸ்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் உதிர்ந்துவிட்டது. "ஊசி போட்டு ஃபிட்ஸ் வந்த பிள்ளை டாக்டரம்மா" என்றுதான் அப்பத்தா ஆரம்பித்தார். பிள்ளையின் அம்மாவான அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு போனது அவர். அந்த நாலு வாரமும் வீட்டில் அவர் என்னென்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

இப்படி வந்தால் நான் முதலில் கேட்பது நேரம். ஊசி எத்தனை மணிக்கு? பத்தே முக்கால். துவண்டது எத்தனை மணிக்கு? அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியவில்லை. அப்பத்தாதான் சொன்னார்: "ரெண்டு மணி பஸ் போச்சு. அதுக்கப்புறம் தொட்டில்ல பார்த்தா பிள்ளை வெளுத்துக் கிடக்கு."

அப்படியானால் மூன்றேகால் மணி நேரம். எனக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

ஒரு மருந்து உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைக் கிளப்பினால், அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உடம்பெல்லாம் தடிப்பு, முகம், உதடு வீக்கம், மூச்சு இழுப்பு. அனஃபிலாக்சிஸ் என்பது இதுதான். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது இதற்காகத்தான் (அந்த அரை மணியில் பாதிப்பேர் எழுந்து போய்விடுகிறார்கள் என்பது வேறு கதை). பத்து லட்சம் டோஸுக்கு ஏறக்குறைய ஒன்று என்ற அளவில்தான் இது வருகிறது. வந்தவர்களுக்கு அதே ஊசியை மறுபடி சாதாரணமாகப் போடக் கூடாது. அதில் பேரமே கிடையாது.

மற்ற கேள்விகளுக்குப் போனோம். கை கால் வெட்டி இழுத்ததா? இல்லை. விறைத்ததா? இல்லை, "ஈரத் துணி மாதிரி" கிடந்தது. கண் மேலே சொருகியதா? பாதி திறந்திருந்தது. தோலில் தடிப்பு? இல்லை. எவ்வளவு நேரம்? ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது வீறிட்டு அழுததாம், உள்ளே போய்ப் பால் குடித்ததாம். அப்புறம் அப்பா போனை நீட்டினார். ஆட்டோவில் எடுத்த இருபது விநாடி வீடியோ. ஆட்டோ குலுங்குகிறது, பிள்ளையின் கை அதோடு சேர்ந்து ஆடுகிறது, தானாக ஆடவில்லை. அந்த இருபது விநாடிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். 

இதற்கு எங்கள் புத்தகங்களில் பெயர் உண்டு. எச்.எச்.இ. என்று எழுதுவோம். குழந்தை திடீரென்று வெளுத்து, துவண்டு, கூப்பிட்டால் திரும்பாமல் கிடப்பது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் மூன்று நாலு மணி நேரத்தில், பெரும்பாலும் முதல் டோஸுக்கே வருகிறது. தானாகவே தெளிந்துவிடும். பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை போய்விட்டது என்றே தோன்றும். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இப்படித் துவண்ட பிள்ளைகளுக்கு அடுத்த டோஸ்களைப் போட்டுக் கவனித்திருக்கிறார்கள். மறுபடி வருவது மிக மிக அரிது. அதனால் மூளை வளர்ச்சி கெட்டதாகவும் காணோம்.

ஏன் இந்த ஊசி இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறது? பெண்டாவேலண்டில் இருப்பது ஐந்து நோய்களுக்கான மருந்து: கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி தரும் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும். இந்தியாவில் இது முதலில் வந்தது தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும்தான், 2011 டிசம்பரில். காய்ச்சல், வீக்கம், விடாத அழுகை எல்லாவற்றுக்கும் முக்கியக் காரணம் இதில் உள்ள கக்குவான் பகுதி. செத்த கிருமியை அப்படியே முழுசாகப் போடுகிறோம். உடம்பு சும்மா இருக்குமா?

தனியார் மருத்துவமனைகளில் 'வலியில்லாத ஊசி' என்று ஒன்று போடுகிறார்களே, அதில் முழுக் கிருமிக்குப் பதில் அதன் சில புரதங்கள் மட்டும். எதிர்வினை குறைவு, விலை சில ஆயிரம், பாதுகாப்பு சீக்கிரமே தேயும். துவண்ட பிள்ளைக்கு அடுத்த டோஸை அதில் போட நினைத்தால், வசதி இருந்தால், போடலாம். கடன் வாங்கிப் போடத் தேவையில்லை. ஆனால் ஒரு தப்புக்கணக்கு ஊரில் உலவுகிறது: அரசு ஊசி ஒத்துக்கொள்ளாவிட்டால் வலியில்லாத ஊசி ஒத்துக்கொள்ளும் என்று. அதிலும் கக்குவான் மருந்து இருக்கிறது. உண்மையிலேயே நிறுத்த வேண்டிய பிள்ளைக்கு இரண்டுமே ஆகாது.

யார் அந்த நிறுத்த வேண்டிய பிள்ளை? அனஃபிலாக்சிஸ் வந்த பிள்ளையைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று, ஊசி போட்ட ஏழு நாளுக்குள் வேறு காரணம் எதுவும் தெரியாமல் மூளை பாதிக்கப்பட்டு, ஒரு நாளுக்கும் மேல் நினைவில்லாமலோ விடாத வலிப்போடோ கிடந்த பிள்ளை. அதற்குக் கக்குவான் மருந்தை விட்டுவிட்டு மற்றதைத் தொடர்வோம். வலிப்பு நோய் கட்டுப்படாமல் இருக்கும் பிள்ளைக்குக் கொஞ்சம் பொறுத்துப் போடுவோம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, 105 டிகிரி காய்ச்சல், துவண்டு போனது, காய்ச்சலோடு வந்த சின்ன வலிப்பு இவையெல்லாம் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கின்றன, தடைப் பட்டியலில் இல்லை. யோசித்து, பார்த்து, போடலாம்.

வலிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றரை வயது பூஸ்டர் ஊசிக்குக் காய்ச்சல் வந்து வலிப்பும் வந்தால் நான் பெரிதாகக் கலங்கமாட்டேன். அந்த வயதில் எந்தக் காய்ச்சலுக்கும் சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். ஆனால் ஆறு வாரக் குழந்தைக்கு வந்தால், பழியை ஊசி மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. கால்சியம், சர்க்கரை, கிருமித் தொற்று எல்லாம் பார்க்க வேண்டும். 2006ல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு வந்தது. தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரின் மரபணுவைப் பார்த்தார்கள். 11 பேருக்கு எஸ்.சி.என்.1.ஏ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. பிறக்கும்போதே இருந்த வலிப்பு நோய். ஊசி அதை முதலில் வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் இன்று தெளிவாகச் சொல்கிற நான், படிப்பு முடித்த புதிதில் ஒரு தப்புச் செய்தேன். நாலு மணி நேரம் ஓயாமல் அழுத ஒரு குழந்தையின் அட்டையில், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, 'இனி டி.பி.டி. (கக்குவான், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி மூன்றுக்குமான ஊசி) வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தேன். அழுத பிள்ளையை ஒரு பாட்டி உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டியிருந்தார். நான் அவரைத் திட்டினேன். திட்டிவிட்டு, அவரைவிடப் பெரிய கெடுதலைப் பேனாவால் செய்தேன். நாலாவது மாதத்தில் அந்தப் பிள்ளை கக்குவானோடு வந்தது. சின்னக் குழந்தைகளுக்குக் கக்குவான் வந்தால், இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது வரும் அந்த 'ஊப்' சத்தம்கூட வராது. இருமும், நீலம் பாரிக்கும், மூச்சு நின்றுவிடும். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. பிழைத்துக்கொண்டது. வீட்டில் மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தவர் அப்பா.

என் பேனா செய்ததை ஒரு நாடே செய்திருக்கிறது. 1974-75 குளிர்காலத்தில் ஜப்பானில் டி.பி.டி. போட்டபின் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசியைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியபோது மக்கள் வரவில்லை; 80 சதவீதம் போல இருந்தது 1976ல் 10 சதவீதத்துக்கு இறங்கியது. 1979ல் 13,000 பேருக்குக் கக்குவான், 41 சாவு. அந்தப் பயத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. நான் மேலே சொன்ன வலியில்லாத ஊசியை ஜப்பானியர்கள் 1981ல் முதன்முதலில் கொண்டுவந்தது அதனால்தான். 

பெரியவர்களும் இதே கேள்வியோடு வருவார்கள். கையில் சின்னக் கீறல் விழுந்தாலும் ரண ஜன்னிக்கான டி.டி. ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர், தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிய கையோடு வந்தார். 'அலர்ஜியா மேடம்?' இல்லை. அவர் ரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி நிரம்பி வழிகிறது. அதன்மேல் இன்னொன்று போட்டால் கை இப்படித்தான் வீங்கும். 'பத்து வருஷத்துக்கு அந்தப் பக்கமே போகாதீங்க' என்றேன். ஆனால் அதே கை நாய்க்கடி ஊசிக்கு வீங்கியிருந்தால்? மீதி ஊசிகளைப் போட்டே ஆகவேண்டும் என்றிருப்பேன். ஒவ்வாமையே வந்தால்கூட பெரிய ஆஸ்பத்திரியில், அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேறு வகை மருந்தில் தொடர்வோமே தவிர நிறுத்தமாட்டோம். ஏனென்றால் வெறிநோய் வந்துவிட்டால் மருத்துவம் இல்லை. கொரோனாக் காலத்தில் கோவிஷீல்டு முதல் டோஸுக்கு நடுங்கிப் படுத்தவர்கள் இரண்டாவதுக்குப் பயந்தார்கள். பொதுவாக அது முதலைவிட லேசாகத்தான் இருந்தது. முதல் டோஸுக்குப் பிறகு தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறைந்த மிகச் சிலருக்கு மட்டும் அதே ஊசியை மறுபடி போடக் கூடாது என்றார்கள்.

சரி, அந்தக் குடும்பத்துக்கு வருவோம். நான் சொன்னதை அப்பா உடனே ஏற்றுக்கொண்டார். அப்பத்தா ஏற்கவில்லை. "மறுபடி அப்படி ஆகாதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எழுதிக் கொடுக்க முடியாது என்றேன். ஒருவேளை ஆனால் என்ன செய்வது என்பதை எழுதிக் கொடுக்கிறேன், ஆகாவிட்டாலும் இந்தப் பிள்ளைக்குப் போனமுறை என்ன ஆனது என்பதை அட்டையிலேயே எழுதுகிறேன் என்றேன். எழுதினேன்: தேதி, 10.45 ஊசி, 2 மணிக்கு மேல் துவண்டது, அரை மணி நேரத்தில் தெளிந்தது, வலிப்பு இல்லை, தடிப்பு இல்லை. அந்த மருத்துவமனைச் சீட்டின் கேள்விக்குறிக்கு ஒருவழியாகப் பதில் எழுதியாயிற்று. ஊசிக்குப் பின் வந்த பாதகம் என்று சுகாதார நிலையத்துக்கும் தெரியப்படுத்தினோம். இதை அன்றைக்கே யாராவது செய்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார். "மேடம், நான் மருந்து ஊத்தினது கம்மியாப் போச்சா?" காய்ச்சல் மருந்து சரியாகக் கொடுத்திருந்தால் இது வந்திருக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படி இல்லை. பாரசிட்டமால் காய்ச்சலையும் வலியையும் குறைக்கும், துவள்வதைத் தடுக்காது. அவர் பையில் இருந்த பாட்டிலை வாங்கிப் பார்த்தேன், அளவெல்லாம் சரிதான். ஆனால் பொதுவாகச் சொல்கிறேன், சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் அதில் கால் பங்கோ பாதியோதான். பாட்டிலை மாற்றினால் அளவும் மாறும். டாக்டரிடம் பாட்டிலைக் காட்டிக் கேளுங்கள்.

புதன்கிழமைக் கூட்டத்தில் வேண்டாம், திங்கள் காலை என் மருத்துவமனைக்கே வாருங்கள் என்றேன். அதே ஊசிதான், எங்கள் குளிர்பெட்டியில் இருந்ததைப் போட்டோம். அரை மணிக்குப் பதில் மதியம் வரை உட்கார வைத்தோம். அப்பா லீவு போட்டிருந்தார். அப்பத்தா தொட்டில் கட்டச் சேலையே கொண்டுவந்துவிட்டார். கட்ட இடமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். ஒரு மணிக்கு மேல் நிமிடத்துக்கொரு தரம் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தார். பிள்ளை ஒவ்வொரு தடவையும் சிணுங்கியது. தூங்க விடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

மூன்று மணி வாக்கில் வீட்டுக்கு அனுப்பினோம். ராத்திரி நூறு டிகிரி காய்ச்சலாம். மறுநாள் சாயங்காலம் அப்பத்தாவே போன் செய்தார்.

"இன்னிக்கும் ரெண்டு மணி பஸ் போயிடுச்சு டாக்டரம்மா. பிள்ளை நல்லாத்தான் கிடக்கு. நாளைக்குத் தலைக்கு ஊத்தலாமா?"