அரிய நோய்க்கு 50 லட்சம்: மதுரைக்காரர்கள் எந்த வாசலில் ஏற வேண்டும்?

தரையில் உட்கார்ந்திருக்கும் 5 வயதுப் பையன் எழுந்திருப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கையைத் தரையில் ஊன்றி முதலில் இடுப்பைத் தூக்குகிறான். அப்புறம் முழங்கால், தொடை என்று பிடித்துப் பிடித்து, தன் காலிலேயே ஏணி ஏறுகிற மாதிரி நிமிர்கிறான். கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டிருக்கும். "காலப் பாரு, பயில்வானா வருவான்" என்று வீட்டில் சொல்வார்கள். டுஷேன் தசைச்சிதைவு என்ற அரிய நோய் பல பிள்ளைகளுக்கு இப்படித்தான் தலைகாட்டுகிறது. சிபிகே என்ற சாதாரண ரத்தப் பரிசோதனையே சந்தேகத்தைக் கிளப்பிவிடும். ஆனால் அதைக் கேட்டு எழுதித் தரும் மருத்துவரிடம் போய்ச் சேருவதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

நிதியுதவி அதற்கப்புறம்தான். மத்திய அரசு 2021 மார்ச்சில் தேசிய அரிய நோய்க் கொள்கையை வெளியிட்டது. நோய்களை அது மூன்று பிரிவாக வைத்திருக்கிறது: உறுப்பு மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று போல ஒரே சிகிச்சையில் தீரக்கூடியவை; தனி உணவு, மாத்திரை என்று ஓரளவு குறைந்த செலவில் காலமெல்லாம் பார்க்க வேண்டியவை; மருந்து இருந்தும் விலை எட்டாதவை. டுஷேன், எஸ்எம்ஏ (முதுகுத்தண்டு நரம்பணுக்கள் பழுதாகித் தசை தளரும் நோய்), கோஷே (ஒரு நொதி குறைவதால் கல்லீரல், மண்ணீரல் வீங்கும் நோய்) எல்லாம் மூன்றாவதில் வரும். முதலில் முதல் பிரிவுக்கு மட்டும் 20 லட்சம் ரூபாய் வரை உதவி என்று இருந்தது. 2022 மே மாதத்தில் எந்தப் பிரிவானாலும் 50 லட்சம் வரை என்று மாற்றினார்கள்.

இந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. 'உயர்சிறப்பு மையம்' என்று அறிவிக்கப்பட்ட மருத்துவமனைக்குத்தான் போகும். அங்குள்ள குழு பிள்ளையைப் பார்த்து, நோயை உறுதி செய்து, சிகிச்சையைப் பரிந்துரைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்த மையம் சென்னை எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. மதுரையிலிருந்து தூரத்தைப் பார்த்தால் திருவனந்தபுரம் எஸ்ஏடி மருத்துவமனை இன்னும் பக்கம், அதுவும் மையம்தான். எந்த மையத்திலும் சிகிச்சை பெறலாம் என்றுதான் விதி. ஆனால் பேச்சு, காகிதம் எல்லாவற்றையும் நினைத்தால் எழும்பூரே சௌகரியம் என்பது என் எண்ணம்.

நேரே ரயில் ஏறிவிடாதீர்கள். முதலில் நம்ம மதுரைப் பெரியாஸ்பத்திரி (அரசு ராஜாஜி மருத்துவமனை) குழந்தைகள் பிரிவில் காட்டி, பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அதற்கும் முன்னால், அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழு இருக்கிறது. தேசிய சிறார் நலத் திட்டத்தில் 18 வயது வரை இலவசமாகப் பரிசோதிப்பார்கள். வேன் வருகிற அன்று பிள்ளைக்கு லீவு போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஊரில் பார்த்த டாக்டர் சீட்டு, ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாமல் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள்.

50 லட்சம் பெரிய தொகைதான். ஆனால் 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்குச் சில நோய்களில் வருடத்துக்கு 10 லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு மேலும் ஆகும் என்று அந்தக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறது. எடை ஏற ஏற மருந்தின் அளவும் ஏறும். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்துக்கு ஒரு தொகையோடு உச்சவரம்பு போட்டது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. விலை இறங்கினால்தான் வழி. எஸ்எம்ஏ-வுக்கான ரிஸ்டிப்லாம் ஒரு பாட்டில் 6 லட்சத்துக்கு மேல் விற்றது. நீதிமன்ற வழக்குக்குப் பிறகு 2025 அக்டோபரில் உள்நாட்டுத் தயாரிப்பு 15,900 ரூபாய்க்கு வந்தது.

வெளிநாட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கு மருந்து தருவித்தால், கொள்கையில் உள்ள நோய்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்க வரி கிடையாது. அதற்கான சான்றிதழை மாவட்ட அளவிலான அரசு மருத்துவ அதிகாரியே தரலாம்.

"சொந்தத்துல கட்டுனதாலதான் இப்படி" என்று மருமகள் தலையில் பழி போடுவது நம் பக்கம் வழக்கம். டுஷேனுக்கும் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை. கோஷே போன்றவை வேறு: தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது அப்படி அமைவது கூடுதல். அதனால் அடுத்த பிள்ளைக்கு முன்னால் மரபணு ஆலோசனை கேட்டுவிடுங்கள்.

தசைச்சிதைவு உறுதியானால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாம். இது மாநில அரசின் பணம், வேறு துறை. எழும்பூரிலிருந்து பதில் வரட்டும் என்று இதற்குக் காத்திருக்க வேண்டாம்.