மாக்கல் வெட்டுறதுக்கு முன்னாடி அதோட ஓரத்தைப் பாருங்க

வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர் பக்கத்துல இருந்து எனக்கு வாட்ஸ்அப்ல வர்ற போட்டோல பாதி கல்லுதான். கிணறு வெட்டும்போது கெடச்சது, மலைல ஆடு மேய்க்கப் போனவங்க எடுத்துட்டு வந்ததுன்னு அனுப்புவாங்க. வெள்ளையாவோ லேசான பச்சையாவோ இருக்கும், தொட்டா வழவழன்னு, நகத்தால கீறினா கோடு விழும். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், சார் இது மாக்கல்தானே, கோலமாவு மில்லுக்கு டன் என்ன ரேட் போகும்னு. ரேட் கேக்கறது தப்பில்லீங்க. ஆனா அதுக்கு முன்னாடி கேக்கவேண்டியது, அந்த மாக்கல்லைச் சுத்தி வேற என்ன கல்லு இருக்குங்கறது. அத யாருமே கேக்கறதில்ல, அதனாலதான் இத எழுதறேன்.

மாக்கல்லோட முக்கியமான சரக்கு டால்க்குன்னு ஒரு கனிமம். மெக்னீசியம், சிலிக்கா, கொஞ்சம் தண்ணி, அவ்வளவுதான். சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், ஒரு அடுக்குக்கும் அடுத்ததுக்கும் பிடிப்பு ரொம்ப கம்மி, அதான் கைல வழுக்குது, கடினத்தன்மை அளவுகோல்ல 1-ல நிக்குது. ஆனா மலைல சுத்தமான டால்க் தனியா கெடைக்கிறது அபூர்வம். குளோரைட், மாக்னசைட், டாலமைட், சில இடத்துல ஆம்பிபோல்னு கலந்துதான் இருக்கும். நம்ம தலைவலி அந்த ஆம்பிபோல்லதான்.

இது உருவாகறதுக்கு முக்கியமா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு டாலமைட் வழி. ஆந்திரால கர்நூல் பக்கம் முத்தவரம் சுரங்கங்கள் அப்படித்தான், சுண்ணாம்புக்கல் மாதிரி இருக்கற வெம்பள்ளி டாலமைட் பாறைக்குள்ள சிலிக்கா கலந்த சூடான தண்ணி ஏறி டால்க் ஆச்சு. அதே வெம்பள்ளி டாலமைட் கடப்பா மாவட்டம் புலிவெந்துலா பக்கம் போனா டோலரைட்ங்கற எரிமலைக்குழம்பு உறைஞ்ச கருப்புப் பாறை தொடுற எடத்துல ஆஸ்பெஸ்டாஸ் நார் கொடுத்திருக்கு. கல்லு ஒரே குடும்பம், ஒரு எடத்துல பவுடருக்குப் போற சரக்கு, இன்னொரு எடத்துல நுரையீரலக் கெடுக்கற நார். இத மனசுல வச்சுக்கோங்க.

இன்னொரு வழிதான் நம்ம வடஆற்காடு மாதிரி ஊருக்குப் பொருந்தும். இங்க பெரும்பாலும் 250 கோடி வருஷப் பழமையான பாறைங்க, வரி வரியா இருக்கற நைஸ், அப்புறம் சார்னோகைட். இந்தப் பழைய நைஸுக்குள்ள சில எடத்துல டூனைட், பைராக்ஸினைட்னு மெக்னீசியம் நெறஞ்ச கருப்புப் பாறை துண்டு துண்டா மாட்டிக்கிட்டு இருக்கும். பூமிக்கு அடியில பல நூறு டிகிரி சூட்டுல தண்ணியும் கார்பன் டை ஆக்ஸைடும் அதுக்குள்ள பூந்தா முதல்ல சர்பென்டைன்ங்கற பச்சைக் கனிமம் ஆகும், அப்புறம் டால்க்கும் மாக்னசைட்டுமா மாறும்.

ஜவ்வாது மலைல, ஜீப் நிக்கற எடத்துல இருந்து நல்லா ஏறி நடக்கணும், அப்படி ஒரு எடத்துல இந்த மாதிரி ஒரு பட்டைய நான் பாத்தேன். எடம் எங்கன்னு எழுதமாட்டேன், எழுதினா அடுத்த மாசமே கடப்பாரையோட ஆள் போயிடும். ஓடை அறுத்துவிட்ட சரிவுல அந்தப் பட்டையோட குறுக்குவெட்டு அப்படியே தெரிஞ்சது. நடுவுல சாம்பல் நெறத்துல டால்க்கும் மாக்னசைட்டும், மாக்னசைட் இருந்த எடம் துருப்பிடிச்ச மாதிரி பழுப்பா குழி விழுந்து. அதத் தாண்டி ஒரு முழம் அளவுக்கு நல்ல வெள்ளை டால்க், மில்லுக்காரங்க கேக்கறது இதத்தான். அதுக்கு அடுத்து பச்சையும் வெள்ளையுமா ஊசி ஊசியா ஒரு வரி, அப்புறம் கரும்பச்சை குளோரைட், கடைசியா கருப்பு மைக்கா, அதுக்கப்புறம் சாதா நைஸ். இந்த வரிசை தற்செயல் இல்லீங்க. நைஸ்ல இருந்து சிலிக்கா உள்ள வரும், கருப்புப் பாறைல இருந்து மெக்னீசியம் வெளிய போகும், ரெண்டும் சந்திக்கிற எடத்துல ஒவ்வொரு கனிமமும் தன் வரிசைல உக்காரும். கால்சியம் கெடச்ச எடத்துல டிரெமோலைட், ஆக்டினோலைட் வரும், ரெண்டும் நான் முன்னாடி சொன்ன ஆம்பிபோல் வகைதான், அதான் அந்த ஊசி வரி.

லென்ஸ் வச்சுப் பாத்தேன். சில துண்டுல ஊசி கட்டையா, ஒடச்சா துண்டாச்சு. சில துண்டுல நகம் பட்டாலே முடி மாதிரி பிரிஞ்சு வந்துச்சு. ரெண்டுமே டிரெமோலைட்டா இருக்கலாம், ஆனா நாரா பிரியறதுதான் ஆஸ்பெஸ்டாஸ் வகை, அது புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பு முதல் பட்டியல்லயே வச்சிருக்கு. 2024-ல டால்க்கையே "உண்டாக்க வாய்ப்பு அதிகம்"ங்கற அடுத்த பட்டியல்ல சேத்துட்டாங்க. இப்ப யோசிங்க, ஜேசிபி விட்டு அள்ளினா வெள்ளை டால்க்கும் பக்கத்து ஊசி வரியும் சேர்ந்துதான் வரும், அத அரைச்சு மூட்டை கட்டி வாசல்ல கோலம் போட அனுப்பினா? என் கூட வந்த ஆலங்காயம் மேஸ்திரி, "இம்மாம் மெதுவா கீது, இது இன்னா சார் பண்ணப் போவுது"ன்னாரு. கைக்கு மெதுவா இருக்கறது நுரையீரலுக்கும் மெதுவா இருக்கும்னு அர்த்தம் இல்லையே.

ஆஸ்பெஸ்டாஸே இல்லாட்டியும் தூசு தூசுதான். மத்தியப் பிரதேசம் மந்த்சௌர்ல சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளிங்க சின்ன வயசுலயே சிலிகோசிஸ்ங்கற தூசு நுரையீரல் நோய்ல போனாங்க, அந்தக் கல்லுல குவார்ட்ஸ் அதிகம், அறுத்தது மெஷின்ல, அதுவும் காய்ஞ்சபடி. நம்ம ஊர்ல சிலை, கல்சட்டி கடையற பட்டறைலயும் கிரைண்டர் வந்துடுச்சு, வாய்ல துண்டக் கட்டிக்கிட்டு வேலை செய்யறாங்க. துண்டு ரொம்பப் பொடியான தூச நிறுத்தாது. தண்ணி ஊத்தி அறுக்கணும், என்95 மாஸ்க் போடணும், வேலை செஞ்ச சட்டையோட போய் வீட்டுல குழந்தையத் தூக்கக்கூடாது.

கல்சட்டி வாங்கறவங்க பயப்படவேண்டாம். கடைஞ்சு முடிச்சு, கஞ்சித்தண்ணி ஊத்திப் பழக்கின சட்டில தூசு பறக்கறதில்ல. ஆபத்து எல்லாம் வெட்டற, அரைக்கற எடத்துல. சட்டிய உப்புத்தாள் போட்டுத் தேய்க்கறத மட்டும் விட்டுடுங்க.

கல்லு டெஸ்ட் பண்ணணும்னா நடுவுல இருந்து அழகான ஒரு துண்டு மட்டும் அனுப்பாதீங்க. நடு, ஓரம், நைஸ தொடுற எடம்னு மூணையும் தனித்தனியா, தண்ணில நனைச்சு, ஜிப் கவர்ல போட்டு, எங்க எடுத்ததுன்னு எழுதி அனுப்புங்க. எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் மட்டும் பத்தாது, அது கனிமத்தோட பேர சொல்லும், நாரா ஊசியான்னு சொல்லாது, மைக்ராஸ்கோப்லயும் பாக்கச் சொல்லுங்க. நம்ம பக்கத்துப் பாறை மேப்ப இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையோட பூகோஷ் தளத்துல காசில்லாம பாக்கலாம். 2015-ல இருந்து மாக்கல் சிறுகனிமம், அனுமதி தர்றது மாநில அரசுதான், மாவட்ட கனிமவளத்துறை ஆபீஸ்ல கேக்கணும். ஜவ்வாது மலைல பெரும்பகுதி காப்புக்காடு, அங்க வனத்துறைய மீறி ஒரு கல்லக்கூட எடுக்க முடியாது.

ஏற்கனவே கல்பட்டறைலயோ மாவு மில்லுலயோ வருஷக்கணக்கா இருந்தவங்க, இருமல், மூச்சிரைப்புன்னு அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கோ வேலூர் சிஎம்சிக்கோ போனா பழைய வேலையையும் சேத்து டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆஸ்பெஸ்டாஸ் நோய் 20, 30 வருஷம் கழிச்சுக்கூட வரும், என்ன கல்லு, எத்தனை வருஷம், காய்ஞ்சதா அறுத்தீங்களா தண்ணி ஊத்தியான்னு அவருக்குத் தெரிஞ்சாதான் அந்தக் கோணத்துல பாப்பாரு.