சீருடைப் பெண்களின் புகார்: யூனிட் பதிலுக்குக் காத்திருக்கையில் கைநழுவும் நாட்கள்

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, எர்ணாவூர் பக்கம் ஒரு வீட்டில் "பொண்ணு மிலிட்டரியில இருக்கா" என்றால் அது பல வேலைகளைக் குறிக்கும். ஒருவர் கடற்படையில் அக்னிவீர். ஒருவர் ராணுவ மருத்துவமனையில் நர்சிங் அதிகாரி. இன்னொருவர் கடலோரக் காவல்படை அதிகாரி. துறைமுக வாசலில் சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை) சீருடையில் நிற்பவரையும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மேலதிகாரியோ உடன் வேலை பார்ப்பவரோ அத்துமீறினால் இவர்கள் நால்வருக்கும் சட்டத்தின் வழி ஒன்றல்ல. ஆகவே புகார் எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: அவர் எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறார், அத்துமீறிய ஆள் எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறார்?

இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல. ராணுவச் சட்டம் 1950-இன் 70-ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். ராணுவத்தினர் ஒருவர், ராணுவ, கடற்படை, விமானப்படைச் சட்டங்களுக்கு உட்படாத பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தால், களப்பணி, வெளிநாடு, எல்லைக் காவல் நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, ராணுவ நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது. வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான் போகும். அதே குற்றம் இந்தச் சட்டங்களுக்கு உட்பட்ட பெண்ணுக்கு நடந்தால், ராணுவ நீதிமன்றத்துக்கும் செஷன்ஸ் கோர்ட்டுக்கும் அதிகாரம் உண்டு. எங்கே விசாரிப்பது என்று தெரிவுசெய்யும் உரிமையை 125-ஆம் பிரிவு படையின் உயரதிகாரிக்குக் கொடுக்கிறது, அந்தப் பெண்ணுக்கு அல்ல. விமானப்படைச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

2021 செப்டம்பரில் கோவை விமானப்படை நிர்வாகக் கல்லூரியில் இது கண்முன்னே நடந்தது. பெண் அதிகாரி ஒருவரின் புகாரில் கோவை மகளிர் போலீசார் சக அதிகாரி ஒருவரைக் கைது செய்தார்கள். சில நாட்களில் கோர்ட் உத்தரவின்படி அவர் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டார். அப்படியானால் போலீசுக்குப் போனது வீணா? இல்லை. எஃப்.ஐ.ஆர். என்ற ஆவணம் படைக்கு வெளியே பதிவாகிவிடுகிறது. வழக்கைப் படை எடுத்துக்கொண்டாலும், முடிவு என்ன என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கும் கடமை 1978-ஆம் ஆண்டு அதிகார எல்லை விதிகளின்படி அதற்கு உண்டு. படை தன் உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டால் செஷன்ஸ் கோர்ட்டே விசாரிக்கலாம் என்று 2022-இல் சிக்கிம் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ராணுவ நீதிமன்றம் என்றாலே மூடிமறைப்பு என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. பதவி, ஓய்வூதியம் இரண்டையும் பறிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. சிக்கல் எங்கே என்றால், யூனிட் பதில் சொல்லும் என்று காத்திருக்கையில் நாட்கள் ஓடிவிடுகின்றன.

நாட்கணக்கு இதுதான். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டின் போஷ் சட்டப்படி, கடைசிச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் உள்ளகக் குழுவுக்கு, அதாவது பணியிடத்திலேயே இத்தகைய புகார்களை விசாரிக்கும் குழுவுக்கு, எழுத்துப் புகார் போக வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிந்து மேலும் 3 மாதம் வரை குழு அனுமதிக்கலாம். கப்பலில் இருந்தது, பயிற்சியில் வெளித்தொடர்பு இல்லாதது எல்லாம் காரணமாகும். ஆனால் அதை மனுவிலேயே எழுத வேண்டும். அடுத்த கெடு பலருக்கும் தெரியாதது. ராணுவச் சட்டம் 122-ஆம் பிரிவின்படி குற்றம் நடந்த, அல்லது பாதிக்கப்பட்டவருக்கோ நடவடிக்கை எடுக்க வேண்டிய அதிகாரிக்கோ தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் ராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியிருக்க வேண்டும். புகார் கொடுத்துவிட்டோமே என்பது போதாது. வாய்மொழியாகச் சொல்லி, "பார்த்துக்கிறோம்" என்ற பதிலோடு ஒரு போஸ்டிங் முடிந்தால் அதில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். படைக்கு வெளியே உள்ள வழக்கமான குற்றவியல் கோர்ட்டில் பாலியல் வன்கொடுமைக்கு இந்தக் காலவரம்பு கிடையாது.

அக்னிவீர்களுக்கு இன்னொரு பயம்: 4 ஆண்டு முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுக்கப்படுவார்கள், புகார் கொடுத்தால் அந்தப் பட்டியலில் பெயர் வராது என்று. பயம் நியாயமானதுதான். அதற்கென்றே போஷ் விதி 8 இருக்கிறது. புகாருக்குள்ளானவர் அந்தப் பெண்ணின் பணியை மதிப்பிடும் ரகசிய அறிக்கையை எழுதக் கூடாது என்று இடைக்கால உத்தரவுக்கு உள்ளகக் குழு பரிந்துரைக்கலாம். கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது. இடமாற்றம், வழக்கமான விடுப்புக்கு மேல் 3 மாதம் வரை விடுப்பு ஆகியவற்றையும் இதே மனுவில் கேட்கலாம். எழுத்தில் விடுப்பு கிடைக்காமல் மட்டும் யூனிட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம். சொல்லாமல் போனால் அது தனிக் குற்றம். மூலப் புகார் பின்னுக்குப் போய், அவர்மீதே கோப்பு திறக்கும். "உடனே வீட்டுக்கு வந்துடும்மா" என்று அழைக்கும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

உள்ளகக் குழுவுக்கான மனுவில் ஒரு சம்பவத்துக்கு ஒரு பத்தி. தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர், சொன்ன வார்த்தைகள் அப்படியே. இந்தியில் சொன்னால் இந்தியிலேயே எழுதுங்கள். மொழிபெயர்க்கும்போது ஆபாசம் நாகரிகமாகிவிடும். அன்றிரவு அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்பிய செய்தி இருந்தால் இணையுங்கள். சாட்சிகளின் பெயர், முகவரியோடு 6 பிரதிகள். நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். குழுவுக்குத் தலைவர் மூத்த பெண் அலுவலர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும்; அந்த வெளியாள் இல்லையென்றால் முதல் நாளே ஆட்சேபணையைப் பதிவு செய்யுங்கள். வக்கீல் உள்ளே வர அனுமதியில்லை. விசாரணை 90 நாளில், அறிக்கை அதன்பின் 10 நாளில். சமரசம் என்பது பெண் கேட்டால் மட்டுமே, அதிலும் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது. "ஃபேமிலி மாதிரி இருக்கோம், பேசி முடிச்சுக்கலாம்" என்று குழுவே ஆரம்பித்தால் அது சட்டமீறல். புகாரை நிரூபிக்க முடியாமல் போவது பொய்ப்புகார் ஆகாது என்றும் 14-ஆம் பிரிவு சொல்கிறது.

தாக்குதலோ வன்கொடுமையோ என்றால் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். சம்பவம் ஜாம்நகரில் நடந்தாலும் வண்ணாரப்பேட்டை மகளிர் காவல் நிலையத்தில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவு இடம் தருகிறது. நம் ஊரில் நடக்கும் கோளாறு, புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டுக் கையில் கொடுத்து அனுப்புவது. அது எஃப்.ஐ.ஆர். அல்ல. மறுத்தால் துணை ஆணையருக்குத் தபாலில் மனு, பிறகு மாஜிஸ்திரேட். பாலியல் குற்றத்தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதா 199-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை உண்டு. "மத்திய அரசு அனுமதி வேணும்" என்பார்கள். அரசு ஊழியர்மீதான பாலியல் வன்கொடுமை, பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுகளுக்கு முன் அனுமதி தேவையில்லை.

மருத்துவப் பரிசோதனை ராணுவ மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் நடக்கலாம், சிகிச்சை இலவசம். 96 மணி நேரத்துக்குள் போனால் உடல் தடயங்கள் எடுக்க முடியும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். உடைகளைத் துவைக்காமல், ஈரத்தை நிழலில் உலர்த்தி, காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடித்துத் தடயம் கெடும். இரு விரல் பரிசோதனை செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுக்கலாம்.

வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் போனையும் அப்படியே வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்துக்கு சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழுக்கு மூலக் கருவி தேவைப்படும். அலுவலகக் கோப்புகளைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எதிர்தரப்பு பிடித்துக்கொள்ளும் முதல் விஷயம் அதுதான்.

படை நிர்வாகம் பழிவாங்கினால், சட்டப்படியான மேல்முறையீட்டு மனுவுக்குப் பிறகு ராணுவம், கடற்படை, விமானப்படையினர் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்கு இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் போகலாம். கடலோரக் காவல்படை, சி.ஐ.எஸ்.எஃப். பெண்களுக்கு அந்தத் தீர்ப்பாயம் இல்லை, உயர் நீதிமன்றம்தான். சி.ஐ.எஸ்.எஃப்.-இல் ராணுவ நீதிமன்றமும் கிடையாது; துறை விசாரணையும் வழக்கமான குற்றவியல் கோர்ட்டும்தான்.

வன்கொடுமைக்குள்ளானவரின் பெயரையோ படத்தையோ ஆதரவுப் பதிவாகக்கூடப் போடக் கூடாது. நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவில் குற்றம். வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம்: வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். சட்ட உதவி எண் 15100-க்கு அழைத்து, மேலே சொன்ன மனுவை முதல் வாரத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.